எல்லாம் பச்சை, மெயில் மட்டும் மூன்று

வாசகர் கேள்வி:

நானும் என் தோழியும் சேர்ந்து ஓர் இணைய இதழ் நடத்துகிறோம். அவர் ஆசிரியர், நிரல் வேலை என்னுடையது. இதழ் வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளில் இயங்குகிறது. கட்டுரை வெளியானதும் சந்தாதாரர்களுக்கு மெயில் அனுப்பும் பிளகினை (வேர்ட்பிரஸோடு இணையும் துணைநிரலை) ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானே எழுதினேன். சென்ற மாதம் அதன் நிரலைச் சுருக்கி எழுதிய பிறகு, ஒரே கட்டுரைக்கு மூன்று மெயில் வருவதாகப் புகார்கள் வந்தன. நிரலைத் தானே ஓட்டிச் சரிபார்க்கும் தானியங்கிச் சோதனைகள் இல்லாததுதான் குறை என்று ஒரு நண்பர் சொன்னதால், இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்து 11 சோதனைகள் எழுதினேன். எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன. அதே வாரம் மறுபடியும் மூன்று மெயில் போயிற்று. கவரேஜ் (சோதனையின்போது ஓடும் வரிகளின் பங்கு) 80 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறார் நண்பர். உலாவி வழியாக ஓடும் சோதனைகள் இரண்டும் ஒரு நாள் தேறுகின்றன, மறுநாள் தவறுகின்றன. எங்கே பிழை செய்கிறேன்? நிரல் தெரியாத என் தோழியால் இதில் எனக்கு உதவ முடியுமா?

பதில்:

நீங்கள் அனுப்பிய நிரலையும், சோதனை ஓடி முடிந்த திரையின் படத்தையும் இரண்டு முறை பார்த்தேன். கடிதத்தில் 11 சோதனைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். திரையில் 7 என்று இருக்கிறது. மீதி நான்கும் எங்கே போயின?

அந்த நான்கும் மெயில் பற்றியவை. அவை இருக்கும் கோப்பின் பெயர் ‘மெயில்’ என்று தொடங்குகிறது. வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவி உருவாக்கித் தரும் அமைப்புக் கோப்போ, ‘டெஸ்ட்’ என்ற சொல்லும் அதையடுத்து ஒரு சிறுகோடும் கொண்டு தொடங்கும் கோப்புகளை மட்டுமே ஓட்டச் சொல்கிறது. மற்றவற்றை, சோதனைகளை ஓட்டும் கருவியான பிஎச்பியூனிட் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பார்க்கவில்லை என்று நமக்குச் சொல்வதும் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதே கருவி மாதிரிக்கென்று ஒரு சோதனைக் கோப்பைத் தருகிறது. தந்த கையோடு அதை ஓட்ட வேண்டாம் என்று அமைப்பில் விலக்கியும் வைக்கிறது. புதிதாக அமைப்பவர்கள் முதல் ஓட்டத்திலேயே ‘எந்தச் சோதனையும் ஓடவில்லை’ என்ற வரியைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். உங்களுக்கு ஏழு ஓடிவிட்டதால் அந்த எச்சரிக்கையும் கிடைக்காமல் போயிற்று. இனிமேல் நிறத்தைப் பார்க்கும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள்.

கோப்பின் பெயரை மாற்றி இப்போதே ஓட்டிப் பாருங்கள். நான்கும் ஓடும். நான்கும் பச்சையாகவே வரும். பிழை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஏன் என்று பார்ப்போம். உங்கள் சோதனை ஒரு பதிவை வெளியிடுகிறது, பிறகு மெயில் போயிருக்கிறதா என்று கேட்கிறது. போயிருக்கிறது, தேறிவிட்டது. ஆனால் மெயில் வரவில்லை என்று உங்கள் சந்தாதாரர்கள் யாரும் சொல்லவில்லையே. மூன்று வந்தன என்பதுதான் அவர்கள் புகார். அந்தக் கட்டுரை வெளியான பிறகு உங்கள் தோழி ஏதாவது எழுத்துப்பிழையைக் கண்டு திருத்தி, இரண்டு முறை சேமித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். சேமித்திருப்பார் என்றே நினைக்கிறேன். நிரலைச் சுருக்கியபோது, பதிவின் நிலை மாறும்போது இயங்கும் ஹூக்கை (ஒரு நிகழ்வின்போது நம் நிரலை அழைக்கும் கொக்கியை) விட்டுவிட்டு, ‘பதிவு வெளியாகும்போது’ என்று பொருள்படும் பெயருள்ள ஹூக்குக்கு மாறியிருக்கிறீர்கள். அந்தப் பெயர் ஆளை ஏமாற்றும். ஏற்கெனவே வெளியான பதிவில் ஒரு காற்புள்ளியை மாற்றிச் சேமித்தாலும் அது இயங்கும். முதல் வெளியீடு ஒன்று, திருத்தம் இரண்டு, ஆக மெயில் மூன்று.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரே ஒரு பழக்கத்தைக் கேட்கிறேன். நிரலைத் திருத்தும் கை சற்றுப் பொறுக்கட்டும். முதலில் புதிய சோதனை ஒன்றை எழுதுங்கள்: ஒரு பதிவை வெளியிடு, தலைப்பை மாற்றி இரண்டு முறை சேமி, போன மெயில்களை எண்ணு, விடை 1 ஆக இருக்க வேண்டும். அதை ஓட்டுங்கள். ‘1 எதிர்பார்த்தேன், 3 கிடைத்தது’ என்று அது சிவப்பில் சொல்ல வேண்டும். அந்தச் சிவப்பைக் கண்ணால் பார்த்த பிறகு நிரலைத் திருத்துங்கள், பச்சையாகட்டும். ஒருமுறையும் சிவந்து பார்த்திராத சோதனை எதைக் காக்கிறது என்று அதை எழுதியவருக்கே தெரியாது. உங்கள் 11 சோதனைகளில் ஒன்றுகூடச் சிவந்து நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தம் தந்தது இதுதான். இரண்டு நாள் உழைப்பு வீணாகக் கூடாது என்று நினைக்கிறேன், வீணாகவும் வேண்டியதில்லை.

ஏற்கெனவே எழுதிவிட்ட சோதனைகளுக்கு என்ன செய்வது? வேண்டுமென்றே நிரலைக் கெடுங்கள். மெயில் அனுப்பும் வரியை முடக்கிவிட்டு எல்லாவற்றையும் ஓட்டுங்கள். ஏதாவது ஒன்று தவற வேண்டும். ஒன்றும் தவறவில்லை என்றால் அந்த வரியை யாரும் காவல் காக்கவில்லை. அடுத்து ஒரு நிபந்தனையைத் தலைகீழாக்குங்கள், மறுபடி ஓட்டுங்கள். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியில் இதைத் தானாகவே செய்யும் இன்ஃபெக்‌ஷன் என்ற கருவியும் இருக்கிறது. இவ்வளவு சிறிய பிளகினுக்குக் கையால் செய்வதே போதும். கையால் செய்யும்போது நிரலும் மனத்தில் பதியும்.

இப்படிக் கெடுத்துப் பார்க்கும்போது இன்னொன்றும் பிடிபடும். இரண்டு மதிப்புகளை ஒப்பிட, வகை பார்க்காமல் ஒப்பிடும் ‘அசர்ட் ஈக்குவல்ஸ்’ என்பதையே எல்லா இடத்திலும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதன் கண்ணில் 0, பொய், ஒன்றுமில்லாமை மூன்றும் ஒன்றுதான். வேர்ட்பிரஸின் பல செயற்கூறுகள் வேலை தவறினால் பொய் என்ற மதிப்பைத் திருப்பும். நீங்கள் 0 எதிர்பார்த்த இடத்தில் பொய் வந்தாலும் சோதனை தேறிவிடும். வகையையும் சேர்த்துப் பார்க்கும் ‘அசர்ட் சேம்’ என்பதற்கு மாறுங்கள். சில சோதனைகள் உடனே சிவக்கலாம். சிவந்தால் நல்லது.

இனி, அந்த மெயிலுக்கு எத்தனை சோதனைகள் வேண்டும்? கோப்பு கோப்பாகப் போய் எண்ணாதீர்கள். உங்கள் பிளகின் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று எண்ணுங்கள். வரைவை வெளியிட்டால் ஒரே மெயில். திருத்திச் சேமித்தால் மெயில் இல்லை. எழுத்தாளர் ஒருவர் ஆசிரியரின் பார்வைக்கு அனுப்பி வைத்தால் மெயில் இல்லை. நாள் குறித்து வைத்த பதிவென்றால், குறிக்கும்போது மெயில் இல்லை, அந்த நேரம் வந்து வெளியாகும்போது ஒன்று. இந்தக் கடைசியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். வரைவிலிருந்து வெளியீட்டுக்கு மாறினால் மட்டும் அனுப்பு என்று எழுதிவிடுவார்கள். நாள் குறித்த பதிவோ வரைவு நிலையிலிருந்து வருவதில்லை. ‘எதிர்காலம்’ என்ற தனி நிலையிலிருந்து வருகிறது. அதற்கு மெயிலே போகாது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். முன்பு வெளியாகாத நிலை, இப்போது வெளியான நிலை, இதைத்தான் நிபந்தனையாக வைக்க வேண்டும்.

கடவுச்சொல் போட்ட பதிவை மறந்துவிடாதீர்கள். வேர்ட்பிரஸில் அதன் நிலையும் ‘வெளியானது’ என்றுதான் இருக்கும். கடவுச்சொல் தனியாக ஒரு புலத்தில் இருக்கும். உங்கள் நிரல் கட்டுரையின் உள்ளடக்கத்தை நேரடியாக எடுத்து முதல் பத்தியை மெயிலில் சேர்க்கிறது. ஆக, கடவுச்சொல் வைத்துப் பூட்டிய கட்டுரையின் முதல் பத்தி எல்லாருக்கும் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று மெயில் போனதைவிட இது பெரிய தவறு என்பேன். இதற்கான சோதனையை இன்றே எழுதுங்கள்.

உங்கள் நிரலில் நான் கண்ட மற்றொரு பிழை இன்னும் நுட்பமானது. பிரிவு வாரியாகச் சந்தா எடுத்தவர்களுக்கு அந்தந்தப் பிரிவின் கட்டுரைகள் மட்டும் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கான சோதனையும் இருக்கிறது. நிரலைக் கெடுத்தால் ஒழுங்காகத் தவறவும் செய்கிறது. ஆனாலும் நடைமுறையில் பிரிவு மாறிப்போகும். காரணம், சோதனையில் நீங்கள் பதிவையும் பிரிவையும் ஒரே அழைப்பில் உருவாக்குகிறீர்கள். அந்த வழியில் பிரிவு முதலில் பதிவாகிவிடும், பிறகுதான் நிலைமாற்ற ஹூக் இயங்கும். உங்கள் தோழி பயன்படுத்தும் பிளாக் எடிட்டர் அப்படிச் செய்வதில்லை. நிரல்கள் வலைவழியே தளத்தோடு பேசும் வாயிலான ரெஸ்ட் ஏபிஐ வழியாக அது சேமிக்கிறது. அங்கே பதிவு முதலில் சேமிக்கப்படுகிறது, நிலைமாற்ற ஹூக் இயங்குகிறது, அதன் பிறகே பிரிவுகளும் முகப்புப் படமும் கூடுதல் புலங்களும் எழுதப்படுகின்றன. உங்கள் நிரல் பிரிவைக் கேட்கும் நேரத்தில் புதிய பிரிவு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. இதற்காகவே, எல்லாம் எழுதி முடிந்த பிறகு இயங்கும் ஹூக் ஒன்றை 2020 இறுதியில் வந்த 5.6 பதிப்பில் சேர்த்தார்கள். பதிவின் பழைய வடிவத்தையும் அது கையில் தருவதால் நிலையை ஒப்பிடுவதும் எளிது. உங்கள் பிளகின் அதற்கு முன்பே எழுதப்பட்டது என்பதால் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோதனையில் மட்டும் ஒரு மாற்றம் செய்யுங்கள்: பதிவை உருவாக்கும் குறுக்குவழியை விட்டுவிட்டு, ரெஸ்ட் கோரிக்கை ஒன்றைக் கட்டி உள்ளிருந்தே அனுப்புங்கள். உலாவி தேவையில்லை, சில வரிகள்தான். ஆசிரியர் வரும் வழியாகவே சோதனையும் வர வேண்டும்.

கட்டுரையைத் திரும்பப் பெற்று வரைவாக்கி, மறுபடி வெளியிட்டால்? இதற்கு விடை நிரலில் இல்லை. மறுபடி மெயில் போகலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் தோழி. கூடாது என்றால் ‘மெயில் போய்விட்டது’ என்ற குறிப்பைப் பதிவோடு சேமித்து வைத்து, அதையும் பார்க்க வேண்டியிருக்கும். அவர் சொன்னதைக் கேட்டு எழுதுங்கள். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கவரேஜ் பற்றிச் சுருக்கமாக. ஒரு வரி ஓடியது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது; ஓடிய வரி சரியானதைச் செய்ததா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் மெயில் நிரலில் எல்லா வரிகளும் ஓடின, பிழையும் ஓடியது. எந்தப் பக்கம் முற்றிலும் இருட்டாக இருக்கிறது என்று பார்க்க அந்த அறிக்கையைத் திறங்கள். 80 என்ற இலக்கை நண்பருக்காக எட்ட வேண்டாம்.

அடுத்தது நீங்கள் கேட்காதது. கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். உங்கள் சோதனை அமைப்புக் கோப்பில் தரவுத்தளத்தின் பெயர் இருக்கும் வரியைப் பார்த்து எனக்குப் பதறியது. அது உங்கள் கணினியில் இதழின் நகல் ஓடும் அதே தரவுத்தளம். வேர்ட்பிரஸ் சோதனைகள் ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும், அமைப்பில் குறிப்பிட்ட முன்னொட்டு உள்ள எல்லா அட்டவணைகளையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவும். மாதிரி அமைப்புக் கோப்பிலேயே ‘எச்சரிக்கை’ என்று மூன்று முறை எழுதி இதைச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது முன்னொட்டு வேறாக இருப்பதால் மட்டுமே உங்கள் கட்டுரைகள் தப்பித்திருக்கின்றன. தொழிலில் எனக்கு மூன்றாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் ‘ஒரு தடவை மட்டும்’ என்று சோதனையை ஓட்டினேன். பெயரும் முன்னொட்டும் உண்மையான தளத்துடையவை. சில நொடிகளில் தளம் ஒரு பதிவும் இல்லாத புதிய வேர்ட்பிரஸாக நின்றது. முந்தைய இரவின் காப்புப்பிரதியிலிருந்து மீட்டோம்; அன்று பகலில் வாசகர்கள் எழுதிய கருத்துகள் திரும்பவே இல்லை. அவை பிறர் எழுதியவை என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது. சோதனைக்கென்று தனித் தரவுத்தளம், அதைத் தவிர வேறு எதையும் தொட உரிமையில்லாத தனிப் பயனர், இரண்டும் இல்லாமல் இன்னொரு முறை ஓட்டாதீர்கள்.

மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் உங்கள் கணினியில் இருந்தால் வேர்ட்பிரஸ் குழுவே தரும் டபிள்யூபி-என்வ் கருவி இந்தத் தனிமையைத் தானாகவே அமைத்துத் தரும். பழைய நிறுவல் கட்டளை வழக்கமாகக் கோப்புகளைத் தற்காலிகக் கோப்புறையில் வைக்கிறது. கணினியை மறுபடி இயக்கியதும் அவை காணாமல் போகலாம். நேற்று ஓடிய சோதனை இன்று ‘நூலகம் இல்லை, நிறுவல் கட்டளையை ஓட்டினீர்களா’ என்று கேட்கும். உங்கள் நிரலில் கோளாறு என்று அப்போது எண்ணிவிட வேண்டாம்.

ஒவ்வொரு சோதனையையும் ஒரு தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் ஓட்டி, முடிந்ததும் அதைப் பின்வாங்குவதால், ஒரு சோதனை உருவாக்கிய பதிவு அடுத்ததில் தலைகாட்டாது. மெயிலும் உண்மையில் வெளியே போகாது. பொய்யான அனுப்பி ஒன்று எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும், எத்தனை, யாருக்கு, என்ன தலைப்பு என்று நாம் கேட்கலாம். ஆனால் அந்த அனுப்பியை ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்திலும் காலி செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் முந்தைய சோதனையின் மெயிலை இந்தச் சோதனையின் கணக்கில் எண்ணிவிடுவீர்கள். உங்கள் பிளகினுக்கென்று தனி அட்டவணை இருப்பதால் இதையும் நினைவில் வையுங்கள்: சோதனையின் உள்ளே உருவாக்கும் அட்டவணை தற்காலிக அட்டவணையாக மாற்றப்படும், தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் அட்டவணைகளைப் பட்டியலிடும்போது தற்காலிகமானவற்றைக் காட்டாது. ‘அட்டவணை உருவானதா’ என்று அந்தப் பட்டியலில் தேடும் சோதனை காரணமே இல்லாமல் தவறும். ஒரு வரியை எழுதித் திரும்பப் படித்துப் பாருங்கள், அது போதும்.

சோதனைக்கு நீங்கள் எழுதிய தலைப்புகளெல்லாம் ‘டெஸ்ட் 1’, ‘டெஸ்ட் 2’ என்றே இருக்கின்றன. தமிழில் இதழ் நடத்துகிறீர்கள், சோதனையும் தமிழ் எழுத்தைச் சந்திக்கட்டும். தலைப்பிலிருந்து உருவாகும் பதிவின் முகவரித் துண்டுக்கு வேர்ட்பிரஸ் 200 இடங்கள் வைத்திருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; முகவரியில் அது விழுக்காட்டுக் குறிகளோடு 9 இடங்களை எடுத்துக்கொள்ளும். ஆக 22 குறியீடுகளோடு தலைப்பு வெட்டப்பட்டுவிடும். ‘வெளியீட்டு’ என்ற ஒரு சொல்லே புள்ளியும் உயிர்க்குறிகளும் சேர்ந்து 10 குறியீடுகள். ஒரே நீண்ட தலைப்பில் தொடங்கும் தொடர் கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் ஒரே துண்டு வந்து, கடைசியில் 2, 3 என்ற எண்ணால் மட்டும் வேறுபடும். தலைப்பிலிருந்து துண்டைத் தானே கணக்கிட்டு இணைப்பு கொடுக்கும் உங்கள் நிரல் எப்போதும் முதல் பகுதிக்கே வாசகரை அனுப்பும். இரண்டு நீண்ட தலைப்புகளோடு ஒரு சோதனை எழுதினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மெயில் தலைப்பை நீளம் பார்த்து வெட்டும் இடமும் அப்படித்தான். பைட் கணக்கில் வெட்டினால் எழுத்தே உடைந்து கேள்விக்குறியாகும். குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் உடையாது, ஆனால் புள்ளி விழுந்துவிடும்: ‘மண்’ என்பது ‘மண’ ஆகிவிடும். பிழையென்று எந்தக் கருவியும் சொல்லாது, படிப்பவர் மட்டும் முகம் சுளிப்பார். பிஎச்பியின் இன்டல் நீட்சியில் முழு எழுத்தாக எண்ணி வெட்டும் செயற்கூறு இருக்கிறது. ‘கொடி’ என்ற சொல்லின் ஒகரக் குறியும் ஒரே குறியீடாகவும் வரலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக இரண்டு குறியீடுகளாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். நிரலில் ஒப்பிட்டால் சமமில்லை. பிரிவின் பெயரை ஒப்பிடும் உங்கள் வரி இதில் தவறும். இரண்டு வடிவங்களையும் சோதனையில் வைத்து, ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். அதற்கான வகுப்பும் அதே நீட்சியில்தான் இருக்கிறது. எழுத்தை மதிக்கும் இதழுக்கு இவையெல்லாம் சில்லறைப் பிழைகள் அல்ல.

உலாவிச் சோதனைகளுக்கு வருவோம். ஒரு நாள் தேறி மறுநாள் தவறும் சோதனை, இல்லாத சோதனையைவிடக் கெடுதலானது. நான்கு முறை பொய்யாகச் சிவந்தால் ஐந்தாவது முறை உண்மையாகச் சிவக்கும்போது நாம் திரும்பிப் பார்க்க மாட்டோம். உங்களுடைய இரண்டில் ஒன்றில், பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு நொடி காத்திருக்கச் சொல்லியிருக்கிறீர்கள். சர்வர் சோம்பியிருக்கும் நாளில் இரண்டு நொடி போதாது. நீங்கள் பயன்படுத்தும் உலாவிச் சோதனைக் கருவியான பிளேரைட், ஒரு பொருள் திரையில் தோன்றி அழுத்தத் தக்க நிலைக்கு வரும்வரை தானாகவே காத்திருக்கும். ‘பதிவு வெளியானது’ என்ற செய்தி தெரிய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், நொடிக்கணக்கை எடுத்துவிடுங்கள். பொத்தானை அதன் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் வகுப்புப் பெயரால் தேடுவதையும் விட்டுவிடுங்கள். வேர்ட்பிரஸ் அப்டேட் ஒன்றில் அந்தப் பெயர் மாறலாம். ‘வெளியிடு என்ற பெயருள்ள பொத்தான்’ என்று தேடினால், மனிதர் தேடும் வழியாகவே அது தேடும்.

மற்றதில் சிக்கல் நாளில் இருக்கிறது. நாள் குறித்த பதிவுக்காக ஒரு குறிப்பிட்ட தேதியை அப்படியே எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தத் தேதி கடந்துவிட்டால், கடந்த நாளுக்கு நாள் குறிக்கும் பதிவை வேர்ட்பிரஸ் உடனே வெளியிட்டுவிடும். சோதனை அன்றிலிருந்து நிரந்தரமாகத் தவறும். ‘இப்போதிலிருந்து ஒரு மணி நேரம்’ என்று கணக்கிட்டு எழுதுங்கள். உங்கள் கணினியின் நேர மண்டலமும் சோதனைத் தளத்தின் நேர மண்டலமும் வேறாக இருப்பதால்தான், நாளின் சில மணி நேரங்களில் மட்டும் தவறுகிறது என்று எண்ணுகிறேன். இரண்டையும் கிரீன்விச் நேரத்தில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அந்த நேரம் வரும்வரை சோதனையை உட்காரவைக்க வேண்டாம். வேர்ட்பிரஸின் கால அட்டவணை வேலைகள் யாராவது தளத்துக்கு வரும்போதுதான் ஓடும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனையை உலாவியிலிருந்து எடுத்துவிட்டு, வெளியிடும் செயற்கூறை நேரடியாக அழைக்கும் பிஎச்பியூனிட் சோதனையாக மாற்றினால் ஒரு நொடியில் முடியும்.

தவறினால் மூன்று முறை மறுபடி முயல் என்று அமைத்திருப்பதை நீக்குங்கள். நோயை அது மறைத்து வைக்கிறது. உலாவியில் நான்கைந்து சோதனைகளுக்கு மேல் வேண்டாம்: உள்நுழைதல், எழுதி வெளியிடுதல், வாசகர் பக்கத்தில் கட்டுரை தெரிதல், சந்தாப் படிவம். உலாவிச் சோதனை உண்மையான நிறுவலில் ஓடுவதால் மெயிலும் உண்மையாகவே போக முயலும். மெயிலை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் மெயில்பிட் போன்ற பொறி ஒன்றை இடையில் வையுங்கள்; இல்லாவிட்டால் சந்தாதாரர்களுக்கு நான்காவது மெயிலும் போய்விடும்.

எங்கே ஓட்டுவது? நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் நீங்கள் மாற்றத்தை ஏற்றும் ஒவ்வொரு முறையும், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற இணையச் சேவை ஒன்றில் தானாக ஓடட்டும். பிஎச்பியூனிட் முதலில், அது தேறினால் மட்டும் உலாவிச் சோதனை. உங்கள் சர்வரில் இருக்கும் பிஎச்பி பதிப்பு, அதற்கு அடுத்த பதிப்பு, இரண்டிலும் ஓட்டுங்கள். 2021இல் வந்த பிஎச்பி 8.1, எழுத்துச்சரம் எதிர்பார்க்கும் உள்செயற்கூறுகளுக்கு ஒன்றுமில்லாத மதிப்பைக் கொடுத்தால் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. ஒன்பது ஆண்டு வயதான உங்கள் நிரலில் அப்படி மூன்று இடங்கள் என் கண்ணில் பட்டன. நீங்கள் ஒன்றும் மாற்றாத வாரத்திலும் வேர்ட்பிரஸ் மாறும், ஆகவே வாரத்துக்கு ஒருமுறை கால அட்டவணைப்படியும் ஓடட்டும். உங்கள் நிரல் யாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் கிட்ஹப் அந்த வாராந்தர ஓட்டத்தை முடக்கிவிடும். உங்களைப் போல இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிரலைத் தொடுபவர்களுக்குத்தான் இது நேரும்.

பழைய நிரல் முழுவதற்கும் சோதனை எழுத உட்காராதீர்கள். இனிமேல் ஒரு பிழை வரும்போதெல்லாம் அதற்கு ஒரு சிவப்புச் சோதனை, பிறகு திருத்தம். அப்படியே வளரட்டும்.

கடைசியாக, உங்கள் தோழி. அவரால் உதவ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே நான் சொன்னவற்றில் பாதிக்கு மேல் அவர் வேலைதான். திரும்பப் பெற்ற கட்டுரைக்கு மறுபடி மெயில் போகலாமா, பூட்டிய கட்டுரையைப் பற்றிச் சந்தாதாரருக்கு என்ன தெரியலாம், தலைப்பு நீளமானால் எங்கே வெட்டலாம் என்பதையெல்லாம் நிரலாளர் ஊகிக்கக் கூடாது. பிஎச்பியூனிட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் மேலே ‘டெஸ்ட்டாக்ஸ்’ என்ற குறிப்பில் ஒரு முழு வாக்கியத்தைத் தமிழிலேயே எழுதி வைக்கலாம். அதே பெயருள்ள தெரிவோடு ஓட்டினால், ‘வெளியான கட்டுரையைத் திருத்திச் சேமித்தால் மெயில் போகாது’, ‘கடவுச்சொல் உள்ள கட்டுரையின் எந்த வரியும் மெயிலில் வராது’ என்று வரிசையாகத் திரையில் வரும். அந்தப் பக்கத்தை அச்சிட்டு அவரிடம் கொடுங்கள், கூடவே ஒரு பேனாவும். எது இதழின் வழக்கம் இல்லையோ அதை அடிக்கட்டும், எது விட்டுப்போயிருக்கிறதோ அதைக் கீழே எழுதட்டும். அவர் எழுதும் முதல் வரியே உங்கள் அடுத்த சிவப்புச் சோதனை.